எங்களைக் கேட்டீர்களா?

பொதுத்தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் நாட்டில் ஒரு பழைய வழக்கு புதிய உடுப்பணிந்து மேடையேறுகிறது. பல்கலைக்கழக ஊழியர்களின் தொழிற்சங்கங்கள் அரசியல் வேட்பாளர்களுக்காக வாக்குக் கேட்கலாமா என்பதே அவ்வழக்கு. "கல்விக்கூடம் கலைமகள் உறையுங் கோயில், அங்கே கட்சிக்கொடிக்கு என்ன வேலை?" என்று ஒரு சாரார் முகஞ்சுளிப்பர். "எங்கள் ஊதியத்தையும் குடியிருப்பையும் ஓய்வூதியத்தையும் முடிவு செய்வோர் அரசியல்வாணர், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் மட்டும் நாங்கள் வாய்பொத்தி நிற்பதா?" என்று மறுசாரார் வெகுள்வர். இரு சாராரும் ஒருவரையொருவர் நோக்கிப் பேசுகின்றனரேயன்றி, மாதந்தோறும் சந்தா கட்டும் உறுப்பினனை நோக்கி எவரும் பேசுவதில்லை. அவன் சார்பில் நின்று இக்கட்டுரையை எழுதுகிறேன். முன்னவர் கூற்றில் நேர்மையில்லை. பின்னவர் கூற்றில் பாதி நேர்மையே உண்டு. தொழிற்சங்கம் வாக்குக் கேட்பது குற்றமன்று. தன் உறுப்பினரைக் கேளாமல் ஊராரைக் கேட்பதுதான் குற்றம்.

நான் குடியிருப்பது பங்சாரில். இன்று அப்பெயரைக் கேட்டவுடன் இளையோர் நினைவுக்கு வருவன காப்பிக் கடைகளும் மாடமாளிகைகளுமே. பெயரின் வேரோ இரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறது. புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பியர் இருவரின் பெயர்களை ஒட்டவைத்துப் பிறந்தது அது என்பர். பால்வெட்டுத் தொழிலாளரும், பக்கத்தே பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்பினரும், மின்வாரியத்தில் பணிசெய்தோரும் கூடி வாழ்ந்த வட்டாரம் இது. ஆதலின் தொழிற்சங்கத்தார் தேர்தலில் இறங்குவது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பங்சார் நாடாளுமன்றத் தொகுதியில் சோசலிச முன்னணியின் வேட்பாளராக நின்று வென்றவர் வி. டேவிட். அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் தடுப்புக்காவலில் அடைபட்டிருந்தார். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் வாயிலாகவும், பின்னாளில் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் செயலாளர் நாயகமாகவும் அவர் ஆற்றிய பணி நம் முதியோர் நன்கறிந்தது.

ஐந்தாண்டு கழித்து, 1964இல் அதே பங்சாரில் நடந்த போட்டியைத்தான் தொழிற்சங்கத் தலைவர்கள் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். டேவிட் மீண்டும் நின்றார். அவரை எதிர்த்து மக்கள் செயல் கட்சியின் சார்பில் நின்றவர் சி. வி. தேவன் நாயர். இவரும் தொழிற்சங்கவாதிதான். நம்மைப் போல் ஆசிரியத் தொழிலில் இருந்தவர். சிங்கப்பூரில் ஆசிரியர் சங்கத்தில் வளர்ந்து, 1961இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் முதல் செயலாளர் நாயகமானவர். அவரும் சிறை கண்டவரே. தேர்தல் முடிவில் 808 வாக்கு வேறுபாட்டில் தேவன் நாயர் வென்றார். அவ்வாண்டு மலாயாவில் அக்கட்சி பெற்ற ஒரே நாடாளுமன்ற இடம் பங்சார்தான்.

இரண்டு வேட்பாளர், இருவரும் தொழிலாளர் தோழர், இருவரும் உழைப்பாளியின் பெயரால் வாக்குக் கேட்டவர். "தொழிலாளர் வேட்பாளர் இன்னார்" என்று அன்றைக்கு ஒரு தொழிற்சங்கச் செயலவை பூட்டிய அறையில் அமர்ந்து முடிவு செய்திருப்பின், அம்முடிவு உறுப்பினரில் பாதிப்பேரின் நெஞ்சுக்கு மாறானதாகவே இருந்திருக்கும். தொழிலாளர் வாக்கு என்பது தலைவரின் சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்தன்று என்பதற்குப் பங்சாரைவிட வேறு சான்று வேண்டியதில்லை. (இத்தொகுதியின் பெயர் பின்னர் மாறிற்று. இன்று பங்சார், லெம்பா பந்தாய்த் தொகுதியில் அடங்கும்.)

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பங்சாரை அடுத்த பந்தாய்ப் பள்ளத்தாக்கில் விரிந்து கிடப்பது மலாயாப் பல்கலைக்கழகம். அதன் இந்தியவியல் துறைக்குத் தலைவராயிருந்த தனிநாயக அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டியதால் நமக்கு அவ்வளாகத்தின்மீது தனிப்பற்று உண்டு. ஆனால் அப்பல்கலைக்கழகம் பேராசிரியராலும் நூல்களாலும் மட்டும் நடப்பதன்று. விடியுமுன் வகுப்பறை துடைப்பவர், ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுபவர், விடுதியில் சமைப்பவர், எழுத்தர், காவலர், தோட்டக்காரர் ஆகிய இவர்களும் பல்கலைக்கழகமே. பட்டமளிப்பு நாளில் மேடையேறாத இம்மக்களுக்காகத்தான் தொழிற்சங்கம் பிறந்தது. "கல்விக்கூடத்தில் அரசியல் வேண்டா" என்று உரைப்போர் பெரும்பாலும் இவர்களை எண்ணிப் பார்த்து உரைப்பதில்லை.

அந்த உரையின் வரலாறும் தூய்மையானதன்று. 1969ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் தனக்கெனக் கொள்கை அறிக்கையொன்று வெளியிட்டு நாட்டின் பல ஊர்களில் பொதுக்கூட்டம் நடத்திற்று. குறிப்பிட்ட கட்சியொன்றுக்கு அஃது வாக்குக் கேட்கவில்லை. கட்சிகளைப் பார்த்து வினாத் தொடுத்தது. வினாவைப் பொறுக்க மாட்டாதவர்கள் ஈராண்டில் விடை கொடுத்தார்கள். 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1974ஆம் ஆண்டு இறுதியில் மாணவர் ஆர்ப்பாட்டங்கள் நடந்தபின், 1975இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சையத் உசின் அலி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1974 இறுதியிற் பிடிபட்டு 1980இல்தான் வெளிவந்தார்.

ஆசிரியர்களாகிய நாம் அச்சட்டத்தில் ஊன்றி நோக்க வேண்டிய இடமொன்று உண்டு. மாணவன் எந்த அரசியல் கட்சிக்கும் ஆதரவோ எதிர்ப்போ காட்டலாகாது என்று கூறிய அதே பிரிவு, எந்தத் தொழிற்சங்கத்துக்கும் காட்டலாகாது என்றும் கூறிற்று. கட்சி, தொழிற்சங்கம் ஆகிய இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே வரிசையில் அடுக்கினார்கள். தன் வகுப்பறையைப் பெருக்கும் அம்மையார் ஊதிய உயர்வு கேட்டு வாசலில் அமர்ந்தால், பட்டம் பயிலும் பிள்ளை அவர் பக்கத்தில் நின்று "இவர் கேட்பது ஞாயம்" என்று சொல்வதும் குற்றமாயிற்று. படித்தவனையும் உழைப்பவனையும் ஒரே வளாகத்துக்குள் வைத்துக்கொண்டே இருவருக்குமிடையில் மதிலெழுப்பிய சட்டம் அது. அரசியல் வேண்டா என்பதன் பொருள் அதுவாகவே இருந்தது. யாருடைய அரசியல் வேண்டா என்பதை மட்டும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அம்மதில் இடியத் தொடங்கியது எப்போது? 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் தேர்தல் துண்டறிக்கைகளோடு பிடிபட்டனர். அரசறிவியல் பயிலும் மாணவர்கள் தேர்தலை நேரிற் காணச் சென்றது குற்றமாயிற்று. தாவரவியல் மாணவன் காட்டுக்குள் நுழைந்தால் தண்டிப்பது போன்றதன்றோ இது! அவர்கள் வழக்காடினர். 2011 அக்டோபர் 31ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றத்து நீதிபதிகள் மூவரில் இருவர், அந்தத் தடைப்பிரிவு அரசியலமைப்பின் 10ஆம் விதி தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். 2012இல் சட்டம் தளர்ந்தது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தத்தால் வளாகத்துக்குள்ளும் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடை நீங்கிற்று. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதிலேயே வாக்குரிமையும் வந்துவிட்டது.

மாணவன் விடுதலை பெற்றான். அவனுக்குக் கற்பிக்கும் விரிவுரையாளரோ இன்னும் கட்டுண்டிருக்கிறார். பல்கலைக்கழகம் போன்ற சட்டமுறை அமைப்புகளின் ஊழியருக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டமொன்று உண்டு. அதன்படி மேலாண்மை, தொழில்முறைப் பிரிவினர் அரசியலில் முனைந்து ஈடுபடலாகாது. ஆதரவுப் பிரிவினர் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றே ஈடுபடலாம். அரசாங்க ஆசிரியராகிய நமக்கும் 1993ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஏறக்குறைய இதையே கூறுகின்றன. மாணவன் மேடையில் பேசலாம். ஆசான் கீழே நின்று கைதட்டினாலும் விளக்கக் கடிதம் வரக்கூடும். இவ்விதியை எல்லார்மீதும் ஒரே அளவாகச் செலுத்தினாலும் ஒருவாறு பொறுக்கலாம். அவ்வாறு செலுத்தப்பட்டதா?

என் கதையையே கூறுகிறேன். பயிற்சிக் கல்லூரியினின்று வெளிவந்து பணியேற்ற புதிதில், 1995ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் வந்தது. ஒரு மாலை வேளையில் என் மேலதிகாரி அழைத்து, "தம்பி, நாலு கொடி கட்ட வேண்டும்; பையன்களைக் கூட்டிக்கொள்ளாதே, நீயும் இன்னும் இருவருமாகப் போங்கள்" என்றார். நான் போனேன். ஏணி பிடித்தேன். யார் நிற்கிறார், எதற்காக நிற்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. எழுத்துமூல ஒப்புதலை அவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அதே மாதத்தில் வேறொரு கட்சியின் கூட்டத்துக்குப் போய்வந்த உடனாசிரியர் ஒருவருக்கு மட்டும் விதிப்புத்தகத்தின் பக்க எண்ணோடு கடிதம் போயிற்று. நான் அவருக்காக வாய் திறக்கவில்லை. இதை இத்தனை ஆண்டு கழித்து எழுதுவதில் பெருமை ஒன்றுமில்லை. ஆயினும் "ஆசிரியர் அரசியலில் ஈடுபடலாகாது" என்ற விதி, "ஆசிரியர் தம் விருப்பப்படி ஈடுபடலாகாது" என்றே நடைமுறையில் பொருள்பட்டதைக் கண்ணாரக் கண்டவன் என்னும் முறையில் எழுதுகிறேன். தோட்டப்பள்ளி ஆசிரியரே கட்சிக் கிளைத் தலைவராகவும் இருந்த பழங்காலத்தை நம்மில் முதியோர் அறிவர். அக்காலத்தில் கோயிலுக்கும் கோரிக்கை மனுவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் எழுதுகோல் பிடித்தவர் அவரே. அன்று எவரும் கலைமகள் கோயில் தீட்டுப்பட்டது என்று கூவவில்லை.

ஆகவே முதற்சாராரிடம் எனக்கு மரியாதை குறைவு. ஆனால் என் கடுஞ்சொல்லெல்லாம் அவர்களுக்கே என்று தொழிற்சங்கத் தலைவர்கள் மகிழ வேண்டா.

என் தமையனார் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளராக முப்பதாண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். சேர்ந்த ஆண்டிலேயே ஊழியர் சங்கத்தில் உறுப்பினரானார். ஒரு மாதமும் சந்தா தவறியதில்லை, சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஒரு தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, சங்கத்தின் சிறப்புக்கூட்டம் என்று அழைப்பு வந்தது. அமிலப்புகையில் வேலை செய்வோருக்கு உரிய படியைப் பற்றிப் பேசுவார்கள் என்று நம்பி இவர் போயிருக்கிறார். மண்டபத்தில் ஆளுயர மாலையோடு வேட்பாளர் அமர்ந்திருந்தார். தலைவர் எழுந்து, "எங்கள் சங்கத்தின் வாக்குகள் அத்தனையும், எங்கள் குடும்பத்தார் வாக்குகளும், ஐயா அவர்களுக்கே" என்று முழங்கினார். கைதட்டல் ஓய்ந்தபின் என் தமையனார் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசிப் பழகாதவர். "தலைவரே, எங்களைக் கேட்டீர்களா?" என்றார். அவ்வளவுதான். "உட்காருங்கள் அண்ணே, பெரியவர் வந்திருக்கும் நேரத்தில் என்ன இது!" என்று இருபுறமும் கையைப் பிடித்து அமர்த்தினர். சிற்றுண்டி பரிமாறப்பட்டது.

அந்த வேட்பாளர் வென்றார். அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். படிக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு இவர்கள் போனபோது, "நம்முடைய ஆள் பதவியில் இருக்கிறார், இப்போது நெருக்கினால் அவருக்குச் சங்கடம்" என்று தலைவரே தடுத்துவிட்டார். கோப்பு ஈராண்டு உறங்கிற்று. அவர் தோற்றிருந்தாலோ? "நீங்கள் எதிரிக்கு வேலை செய்தவர்கள்" என்று வென்றவர் கதவடைத்திருப்பார். வென்றாலும் வாய் அடைபடும். தோற்றாலும் வாசல் அடைபடும். உறுப்பினரைக் கேளாமல் செய்யும் ஆதரவு முடிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் முட்டுச்சந்து இதுவே. அரசனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தினாரல்லவா? பணியாளருக்காக அரசை இடித்துரைக்க வேண்டிய சங்கம், மாலை போட்ட கையை எப்படி ஓங்கும்?

இந்த வினாவை முதலில் எழுப்பியவர் என் தமையனாரல்லர். நூறாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் ஓர் இரயில்வேச் சுமைப்பணியாளர் எழுப்பினார். வால்டர் ஆசுபார்ன் என்பது அவர் பெயர். தம் சங்கம் தொழிற்கட்சிக்கென்று உறுப்பினரிடம் கட்டாயப் பணம் வாங்குவதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் லிபரல் கட்சிப் பற்றாளர். 1909 டிசம்பரில் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தொழிற்சங்கம் அரசியலுக்குப் பணம் திரட்டவே கூடாது என்றாயிற்று. தொழிற்சங்கத்தார் கொதித்தெழுந்தனர், அதுவும் ஞாயமே. ஏனெனில் முதலாளியின் பணம் கட்சிக்குப் போவதை எந்த நீதிமன்றமும் அவ்வாறு தடுக்கவில்லை. இறுதியில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நடுவழி கண்டது. சங்கம் அரசியலில் இறங்கலாம். ஆனால் உறுப்பினர் மறைவாக்கெடுப்பில் ஒப்ப வேண்டும். அதற்குத் தனி நிதி வேண்டும். விரும்பாதவர் அந்நிதிக்குப் பணம் தராமல் விலகிக்கொள்ளலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் வாக்கெடுக்க வேண்டும் என்றது. இந்தியாவிலும் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அரசியலுக்கெனத் தனி நிதியை ஒப்பியது. அதற்குத் தருமாறு எந்த உறுப்பினரையும் வற்புறுத்தலாகாது என்றும் விதித்தது.

நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்ன? 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கப் பணம் அரசியலுக்குப் போகலாகாது என்று தடுக்கிறது. கட்சியில் பொறுப்பு வகிப்பவர் சங்கத்தில் பொறுப்பு வகிக்கலாகாது என்கிறது. தடை வந்து சேர்ந்தது, வாக்கெடுப்பு வரவில்லை. பூட்டை இறக்குமதி செய்தவர்கள் சாவியைக் கப்பலிலேயே விட்டுவிட்டனர் போலும். விளைவு யாது? பணம் போகாது, ஆனால் பெயர் போகும், மண்டபம் போகும், சுற்றறிக்கை போகும், தலைவரின் நாவு போகும். இவற்றுக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. உள்ளூர நடப்பதை வெளிப்படையாக நடத்த வழியிருந்தால், உறுப்பினனும் வெளிப்படையாக ஆம் என்றோ இல்லை என்றோ கூற வழியிருந்திருக்கும்.

இதற்கு மறுப்பாக ஒரு நண்பர் அமெரிக்கச் சான்றொன்றைக் காட்டினார். நியூ ஹேவன் என்னும் நகரில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் எழுத்தர்களும் ஆய்வுக்கூடப் பணியாளர்களும் ஒரு சங்கம். சமையற்காரர், துப்புரவாளர், பராமரிப்பாளர் மற்றொரு சங்கம். 1984இல் எழுத்தர் சங்கம் ஏறத்தாழப் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, மற்றச் சங்கத்தாரும் தோள்கொடுத்தனர். 2011இல் இச்சங்கங்கள் ஆதரித்த வேட்பாளர்கள் அந்நகர மன்றத்தில் பெரும்பான்மை பெற்றனர். பின்னர் அம்மன்றத்தின் தலைமைப் பதவிக்கே யேல் சமையற்கூடப் பணியாளர் ஒருவர் வந்தார். "பார்த்தீர்களா, பல்கலைக்கழகத் தொழிற்சங்கம் தேர்தலில் இறங்கினால் எவ்வளவு சாதிக்கலாம்!" என்பது நண்பர் வாதம்.

பார்த்தேன். வியந்தேன் என்றும் ஒப்புகிறேன். ஆனால் அவர்கள் செய்தது எது, நம்மவர் செய்வது எது? அவர்கள் மாலை வாங்கிக்கொண்டு வந்த பெரியவரைத் தேடவில்லை. தம்முள்ளிருந்தும் தம் தெருவிலிருந்தும் வேட்பாளரை எழுப்பினர். உறுப்பினர்கள் தாமே மாலை வேளைகளில் வீடுவீடாக நடந்தனர். ஏவப்பட்டவன் ஏணி பிடிப்பான், ஒப்பியவன்தான் நடப்பான். ஏணி பிடித்தவனாகிய எனக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். அங்கும் ஓர் இடர் உண்டு என்பதை நண்பர் கூறாது விட்டார். நகர மன்றமும் சங்கமும் ஒன்றேயாகிவிட்டால் நகர மன்றம் தவறுசெய்யுமிடத்து யார் கேட்பது?

அந்த இடரின் முழுவளர்ச்சியைக் காண அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டா. ஜொகூர் நீரிணையைத் தாண்டினால் போதும். பங்சாரில் வென்ற அதே தேவன் நாயர் கட்டிய தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், ஆளுங்கட்சியோடு கூடப்பிறப்புப் போல் ஒட்டி வளர்ந்தது. அமைச்சரவையில் இருந்தவரே அதன் செயலாளர் நாயகமாகவும் இருந்த காலம் உண்டு. கூட்டுறவுக் கடைகளும் காப்புறுதியும் உறுப்பினர்க்குக் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் அமைச்சரோடு வாதாட வேண்டிய நாளில், அமைச்சரே தம்மோடு தாம் வாதாடுவாரா?

நம்மிடத்தில் மாறான நோய். 1990ஆம் ஆண்டுத் தேர்தலில் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர் சைனல் ராம்பாக்கும் செயலாளர் நாயகம் டேவிட்டும் எதிரணியின் வேட்பாளர்களாக நின்றனர். நிற்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டே போட்டி அமைப்பொன்று தோன்றித் தொழிற்சங்க இயக்கம் இரண்டாகப் பிளந்துவிட்டிருந்தது, 1996இல்தான் ஒன்றாயிற்று. பின்னாளில் அதே தலைவர் ஆளுங்கட்சிக்குச் சென்று மேலவை உறுப்பினரானார். மனிதர் கட்சி மாறலாம். ஆனால் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் இழுபட்ட தொழிலாளி, இரண்டு வேளையிலும் கேட்கப்படவில்லை.

தமிழ்நாட்டையும் ஒரு சொல் கூறாமல் போவதற்கில்லை. அங்கே தொழிற்சங்கம் கட்சிக்கொன்றாய்க் கிளைத்திருக்கிறது. 2003 சூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு ஒரே வீச்சில் பணிநீக்கியது. ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என்றது. நள்ளிரவில் வீடு தேடிக் கைது செய்யப்பட்ட ஆசிரியர்கள் அதை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் இழந்தது. அத்தோல்விக்குக் காரணம் பலவாகலாம். ஆனால் பணிநீக்க ஆணையைக் கையில் வாங்கிய ஆசிரியனுக்கு எந்தச் சங்கத் தலைவரும் வாக்களிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திராது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். தலைவர்கள் தம்மால் வாக்கு விழுகிறது என்று எண்ணிக்கொள்வது, சேவல் தன்னால் விடிகிறது என்று எண்ணிக்கொள்வதை ஒக்கும்.

ஓர் எல்லையை மட்டும் நான் விடாப்பிடியாக வற்புறுத்துவேன். தேர்தல் நாளில் நம் வகுப்பறைகளே வாக்குச்சாவடி. நம் ஆசிரியரே வாக்குச்சாவடித் தலைவர், எழுத்தர். முந்திய மாலையில் மேசைகளை நகர்த்தி, சுவரிலுள்ள ஆத்திசூடி அட்டையைக் கழற்றி வைத்து, வாக்குப்பெட்டிக்கு இடம் செய்பவன் நான். நேற்று ஒரு சின்னத்துக்குக் கைதூக்கியவர், இன்று அந்த மேசையில் அமர்ந்து வாக்குச்சீட்டை எண்ணலாகாது. அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். வரிசையில் நிற்கும் முதியவர் அதை எப்படி அறிவார்? பல்கலைக்கழக ஊழியருக்கும் இதுவே பொருந்தும். தேர்தல் பணி ஏற்பவர் பிரசாரப் பணியை விடட்டும். பிரசாரம் செய்பவர் தேர்தல் பணியை விடட்டும். மாணவனின் தேர்வுத்தாளைத் திருத்தும் கையால் அவனிடம் கட்சித் துண்டறிக்கையை நீட்டுவதும் கூடாது. விரிவுரையாளருக்குத் தடை வேண்டுமாயின் அந்த இடத்தில் வேண்டும். அவர் மாலையில் தம் தெருவில் யாரோடு நடக்கிறார் என்பதில் வேண்டியதில்லை.

இவற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 செப்டம்பர் 15 முதல் திருத்தப்பட்ட தொழிற்சங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரே பணியிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் தோன்ற அஃது இடமளிக்கிறது. நல்லதுதான், உறங்கும் சங்கத்தை விட்டு விழித்த சங்கத்துக்கு ஊழியர் போகலாம். ஆனால் அடுத்த பொதுத்தேர்தலுக்குள் ஒரே பல்கலைக்கழகத்தில் கட்சிக்கொரு சங்கம் முளைத்து, துப்புரவுப் பெண்ணின் சந்தாவுக்கு மூவர் கையேந்தி, வாக்குக்கு முப்பதின்மர் கைகுவிக்கும் நிலை வாராதென்பது என்ன நிச்சயம்? தமிழ்நாட்டில் கண்டதை இங்கும் காண வேண்டுமா? சட்டத்தைத் திருத்தியவர்கள் மறைவாக்கெடுப்பையும் தனி நிதியையும் சேர்த்தே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஆயினும் சட்டம் கட்டளையிடாத நற்செயலைச் சட்டம் தடுக்கவுமில்லை. வேட்பாளருக்கு மாலை வாங்குமுன் தன் உறுப்பினரின் கருத்தை ஒரு சீட்டில் எழுதி வாங்க எந்தச் சங்கத்துக்கும் எவரும் தடைபோடவில்லை. பெரும்பான்மை ஆம் என்றால் அறிவிக்கட்டும். இல்லை என்று எழுதியோர் எத்தனை பேர் என்பதையும் அதே அறிவிப்பில் எழுதட்டும். இல்லை என்றவரின் கோரிக்கைக் கோப்பு ஒருநாளும் உறங்கலாகாது.

என் தமையனார் இன்று பந்தாய் டாலாமில் மகள் வீட்டில் இருக்கிறார். சங்கத்தின் பழைய உறுப்பினர் அட்டையைப் பணப்பையில் இன்னும் வைத்திருக்கிறார். இக்கட்டுரையை எழுதுமுன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். "ரொம்ப நீளம், நான் மூன்று சொல்லில் கேட்டதைத்தானே எழுதியிருக்கிறாய்" என்றார். உண்மை. பல்கலைக்கழகச் சங்கங்கள் எதுவாயினும் இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் அம்முயற்சியைத் தொடங்க எண்ணினால், மாணவர் தலைவர் தேர்தலுக்காக எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்த அட்டைப்பெட்டிகள் இரண்டு என் அறையில் உள்ளன. பூட்டும் உண்டு, சாவியும் உண்டு. வேண்டுவோர் பள்ளி நேரத்தில் வந்து எடுத்துச் செல்லலாம்.